ஒரு தாள் உயரம்

என் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. போகட்டும். உன் புருஷனாக இருந்தவன் என் கையில் மாட்டினான், அதைச் சொல்லத்தான் இது.

நான் இன்னும் அதே பல் ஆஸ்பத்திரியில்தான் பல்செட் செய்கிறேன். அதே பின்னறை, அதே ஒற்றை ஜன்னல். இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் ஒருவரை அளவு எடுக்க உள்ளே அனுப்பினார். நிமிர்ந்து பார்த்தால் அவன்! பல் அத்தனையும் போய், கன்னம் ஒட்டி, பொக்கை வாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் முகக்கவசம் போட்டிருந்தேன், தலையும் நரைத்துவிட்டது. தடிமாட்டுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

செட்டை அழகாகவே செய்தேன். ஆனால் இடது கடைவாய்ப் பல் ஒன்றை மட்டும் ஒரு தாள் கனத்துக்கு உயர்த்தி வைத்தேன். பார்த்தால் தெரியாது, கடித்தால் குத்தும். உன் முகத்தைக் கதவில் மோதியவன்தானே, ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் அனுபவிக்கட்டும் என்று.

முதல் வாரம் வந்தான். "குத்துதுங்க, ஒண்ணும் மெல்ல முடியல" என்றான். சரிசெய்கிற மாதிரி வேறு எங்கேயோ ராவி அனுப்பினேன். இரண்டாம் வாரம் ஈறு புண்ணாகியிருந்தது. அன்று பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன், நம்புவாயா? மூன்றாம் வாரம், பாலில் நனைத்த ரொட்டிதான் இறங்குகிறது என்றான். நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "புதுசுல அப்படித்தான். பொறுத்துக்கங்க, பழகிடும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது. செட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்புறம்தான் எனக்கே உறைத்ததடி. முன்பல் உடைந்து நீ என்னிடம் வந்தபோது நான் என்ன செய்தேன்? ஒரு பல் செய்து ஒட்டினேன். கண்ணாடியைக் காட்டி, "வெளியில தெரியவே தெரியாது. பொறுத்துக்கோ, பழகிடும்" என்று சொல்லி அவனிடமே திருப்பி அனுப்பினேன். பல் அவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் எனக்குப் பெருமை வேறு. நீயும் அப்படியேதான் தலையாட்டினாய். நான் அவனைப் பழிவாங்கியதாக நினைத்தேன். பாவி, எனக்கு இன்னொருவரை வலியோடு அனுப்பத்தான் கை வந்திருக்கிறது.

மறுநாளே அவனைக் கூப்பிட்டேன். எந்த இடம் இடிக்கிறது என்று காட்டும் நீலத் தாளைக் கடிக்கவைத்து, உயர்ந்த இடத்தை ராவி, புண்ணுக்கு மருந்து தடவினேன். பிஸ்கட் ஒன்றை மென்று பார்த்துவிட்டு அழுதான். கவசத்தைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றேதான் செய்தேன், போய் டாக்டரிடம் சொல்லிக்கொள் என்றேன். அவன் சொல்லவில்லை. "அவ எங்க இருக்கா?" என்று கேட்டான். "நீ செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றேன் அவனிடம். அவன் வலியைத்தான் எடுத்தேன், அவனை மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்காதே.

போன வாரம் ஒரு பெண் முன்பல் உடைந்து வந்தாள். படியில் விழுந்தாளாம். நான் அச்சு எடுக்கிற மாவைக் குழைக்கவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "பல்லு கிடக்கட்டும், யாரும்மா அடிச்சது?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் அழுதாள். இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள், உன் அறையில். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அவளிடம் கேட்டதை அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீ அங்கே நன்றாக இரு, வயிறாரச் சாப்பிடு. என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு தடவை போன் பண்ணு. குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறேன்.

உன் அக்கா