சிவப்புப் பிடி

அன்புள்ள மாமாவுக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஹாலில் நீங்கள் இன்னும் என் பட்டத்தின் கயிறுகளை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒரு குறையும் இல்லை, மாமா.

பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் இன்றைய பந்தயத்தில் கடைசிச் சுற்றுவரை மூன்றாவதாக வந்தேன். இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த பட்டம் இடுப்பைப் பிய்த்து இழுத்தது. அலைமேல் பலகையில் பாதி உட்கார்ந்தபடியே நின்றதில் தொடை இரண்டும் தீயாய் எரிந்தன. இடுப்பிலிருந்த சிவப்புப் பிடியைத் தள்ளி, பட்டத்தைக் கழற்றிவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதைத் தொடச் சொல்லியிருந்தீர்கள். ஆபத்து எதுவும் இல்லை. வலித்தது, அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்ததும் அப்பாடா என்றிருந்தது.

படகில் வந்த அப்பாவிடம், "தானா கழண்டுக்கிச்சுப்பா" என்றேன்.

பட்டத்தை எனக்கு மாட்டிவிட்ட உங்கள்மேல் அவர் பாய்வார் என்று நினைக்கவே இல்லை. "ஒழுங்கா மாட்டத் தெரியாதாடா உனக்கு? இனிமே அவ பட்டத்துல கை வைக்காதே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நீங்களோ, "என் தப்புதான் அத்தான், சரியாப் பாக்கலை" என்றீர்கள். பிறகு, "ரொம்பப் பயந்துட்டியா கழுதை?" என்று என் தலையைத் துவட்டினீர்கள். நான் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காலையில் அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். அடிப்பாரோ, பந்தயத்துக்கே முழுக்குப் போடச் சொல்வாரோ, தெரியவில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு முகமில்லை.

ஆனாலும் நில்லுங்கள், மாமா.

உங்கள் அக்கா மகள்