விதி வந்நு

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அபிதாவுக்கு அம்மா மலையம்மாள் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சென்னையில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசி வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

திராட்சைத் தோட்டத்தில் இப்போது குலை வெட்டு. நீ வேலையை விட்டுவிட்டு வக்கீலுக்குப் படிக்கப் போகிறாய் என்று அங்கே சொன்னேன். சந்தனம்மாள் மதினி, "அப்ப மாப்பிள்ளை கூண்டுல ஏறி நின்னுதான் தாலி கட்டணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால்தான் ஒன்றும் ஓடவில்லை. விடியும்போது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. உன் அப்பா ஓட்டிய ஜீப் மலையில் உருண்டதிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. தூங்கிக்கொண்டே ஓட்டினார் என்று ஜீப் முதலாளி சொன்ன பேச்சும் கூடவே காதில் விழுகிறது. அவை போய் முடிகிறவரை டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

இனிதான் விஷயம். போன வாரம் மேலே கேரளாவிலிருந்து, அப்பா கேஸை நடத்தும் நம் வக்கீலின் குமாஸ்தா போன் செய்தார் என்றேன் அல்லவா? அப்பா பெயரைச் சொல்லி, "செல்லப்பாண்டியுடே கேஸ், விதி வந்நு" என்றார். அவர் பேச்சில் எனக்கு அது ஒன்றுதான் புரிந்தது. கேஸ் தோற்றுவிட்டது, எல்லாம் விதி என்று ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரிங்கய்யா என்று வைத்துவிட்டு அழுதேன். உன்னிடமும் அப்படியே சொன்னேன். செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு விதி என்பார்களா, நானே வக்கீலாகிக் கேட்கிறேன் என்று குதித்தாய். தேனி சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம் என்றாய்.

நேற்று முன்தினம் பேக்கரி சசிதரன் அண்ணனிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவர் கட்டப்பனைக்காரர். குமாஸ்தாவைக் கூப்பிட்டு மலையாளத்தில் பேசிவிட்டு என்னிடம் திரும்பி, "தங்கச்சி, அங்கன விதின்னா தீர்ப்பு. ஒன் வீட்டுக்காரர் மேல தப்பே இல்லைன்னு சொல்லிட்டாக. பிரேக்கைப் பார்க்காம விட்டது மொதலாளிதானாம்" என்றார்.

அபிதா, அப்பா ஜெயித்துவிட்டார். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொன்னால் உன் கோபம் போய்விடும். கோபம் போய்விட்டால் நீ எதற்கு இங்கே வரப்போகிறாய்? அதனால்தான் நேற்றெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் தப்பாகக் கேட்ட ஒரு சொல்லை நம்பி நீ வேலையை விடக் கூடாது. ராஜினாமா இன்னும் கொடுக்கவில்லை என்றால் பொறு. அப்பாவுக்காகப் படிக்க வேண்டியதில்லை, அவர் காரியம் முடிந்துவிட்டது. உனக்கே அந்தப் படிப்பு பிடித்திருந்தால் படி. அது சென்னையிலும் இருக்கிறதாம். எனக்காக என்று மட்டும் எதையும் முடிவு செய்யாதே.

வீரபாண்டி அம்மன் உனக்குத் துணை இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு.

உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். மழைக்குச் சுவரில் நீர் இறங்கியிருந்தது, அதற்காகத்தான். நீ வருவாய் என்று அடித்ததாக நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் நல்லதையே கேட்கும்
அம்மா.