ஒரு பக்க இங்கிலீஷ்

செவ்வாய், இரவு.

கடையநல்லூர் பாத்திமா இன்று என் டைப்பிங் கடைக்கு வந்தாள். சவுதியில் நோயில் கிடக்கும் கணவரை ஊருக்கு அனுப்பச் சொல்லி, அவருடைய முதலாளிக்குப் போன மாதம் நான்தான் இங்கிலீஷில் மனு அடித்துக் கொடுத்தேன். பக்கம் நிறைய, அகராதியில் பொறுக்கிய பெரிய பெரிய வார்த்தைகள். அன்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இன்று அவள் நீட்டிய முதலாளியின் பதில் ஒரே வரி: "உங்களுக்கு என்ன வேண்டும்?"

"அவுகள அனுப்பி வைங்கன்னு எழுதலியாண்ணே?"

எழுதியிருந்தேன். எந்த வரியில் என்று நானே தேட வேண்டியிருந்தது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

அவள் சொன்னதையே ஒரு வரியாக அடித்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுதானாண்ணே?" ஒரே வரிக்கு முதலாளி இரங்குவாரா என்று பயந்தாள்.

அப்படிப் பயப்படப் பழக்கியவனும் நான்தான். த்தூ.