தலைவலியைச் சொல்லாமல் போனவருக்கு

என் பிரியமான என்னங்க,

இத்தனை வருடம் உங்களைக் கூப்பிட்ட அதே சொல்லில்தான் தொடங்குகிறேன். குரல்தான் மாறிப்போயிருக்கிறது. உங்கள் முதல் வருட நினைவுத் திருப்பலி முடிந்தது. கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தேன். கோபம் மட்டும் அங்கே தங்காமல் என்னோடு ஆட்டோவில் ஏறி விவேக் நகர் வீட்டுக்கே வந்துவிட்டது. நம் கோவில் பங்கு மக்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கல்யாண வெள்ளிவிழாவுக்கு மற்றவர்கள் மண்டபம் பிடித்துப் பிரியாணி போடுவார்கள். நீங்கள் லடாக் என்றீர்கள். இடிந்த சுவரைக் கண்டால் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற ஆள். மலைமேல் ஒரு பழைய கோட்டை, அதற்குள் பாழடைந்த மடம், மறுநாள் அதற்கும் மேலே பனிச் சிகரம். படத்தைக் காட்டிக் காட்டியே என்னைச் சம்மதிக்க வைத்தீர்கள்.

பயண ஏற்பாட்டுக்காரர்கள் கொடுத்த ஆங்கிலத் தாளை அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் புரிந்தது. அந்த உயரத்தில் தலைவலி வந்தால் மறைக்கக் கூடாது, மேலே ஏறக் கூடாது, கூடினால் உடனே இறங்கிவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு இரண்டு தரம் சொன்னேன். சரி சரி என்று ரசத்தைக் கேட்டீர்கள். கேட்டது ரசம் மட்டும்தானா?

வழிகாட்டி நோர்பு தினமும் காலையில் கூடாரத்துக்கு வந்து தலைவலி உண்டா என்று கேட்பார். எனக்கு லேசாக இருந்தது, சொன்னேன். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து என்னை மெதுவாக நடக்க வைத்தார். நீங்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினீர்கள். நானும் தனியாகக் கேட்டேன். “எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன். நீ மூச்சு வாங்கற சத்தத்துல அந்தக் கோட்டை இடிஞ்சிடப் போகுது” என்றீர்கள். அது ஏற்கெனவே இடிந்துதானே கிடக்கிறது என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். மண் சுவர்கள், கூரை போன மடம், சுவரில் பாதி அழிந்த ஓவியம். எந்தச் சாமி என்று நமக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றீர்கள். எழுந்திருக்க முடியவில்லை. கை எங்கே ஊன்றுவது என்றுகூடத் தெரியாமல் காற்றில் துழாவியது. நோர்பு பதறி, எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னீர்கள்: “லே ஏர்போர்ட்டுல இறங்கின அன்னைலேர்ந்து. பரவால்லம்மா, ஒப்புக்கொடுத்துட்டேன்.”

குதிரையில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். பாதி வழியில் உங்கள் மூச்சு நின்றுவிட்டது. நோர்பு பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே இறக்கியிருப்பேனே என்றார்.

ஒப்புக்கொடுத்தீர்களாம், வலியை ஆண்டவருக்குக் காணிக்கையாக. வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது நம் குழுவில் உள்ள வழக்கம் அதுதானே. கால் கொப்புளித்தாலும் வாய் திறக்கக் கூடாது, வலியைச் சொன்னால் பலன் போய்விடும். தார் ரோட்டின் சட்டத்தை அந்த மலைக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே. பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் கணக்கில் கழித்தாயா என்று கேட்கிற மனுஷன், தன் தலைவலியை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. எதற்காக ஒப்புக்கொடுத்தீர்கள்? அதையாவது சொல்லியிருக்கலாம். உம்மிடம் இதை யார் கேட்டது என்று ஆண்டவரிடமும் சண்டை போட்டுவிட்டேன். அவர் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பூசை முடிந்து நடைபயணக் குழு கூடியது. இந்த வருடம் உங்கள் கைத்தடியை நான் முன்னால் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். நீங்கள் வாய் திறக்காமல் வலி பொறுத்ததைப் புறப்படும்போது எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். தலைவர் சூசை அண்ணன் கண் கலங்கித்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

அப்போது பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா ஒரு காலில் பாரம் போடாமல் சாய்ந்திருந்தாள். சுகர்காரி. காலுறையில் ஈரம். என்னடி என்றால், “அருள் அண்ணன் அந்தக் குளிர்லயே பொறுத்துக்கிட்டாரு, எனக்கு இது ஒரு வலியாக்கா?” என்கிறாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. கோவில் வளாகத்திலேயே தரையில் உட்கார்ந்து அவள் காலுறையைக் கழற்றினேன். குதிகாலில் புண் வாயைப் பிளந்திருந்தது. வலிக்குதா சொல்லு என்று அதட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், “வலிக்குதுக்கா” என்று உடைந்து அழுதாள். உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய சொல், என்னங்க. அவள் வாயிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர். இந்த வருடம் அவள் நடக்க மாட்டாள், பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள்.

அங்கிருந்து நேராகச் சூசை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தடியைப் பிடிக்கிறேன், ஆனால் தங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஜெபமாலைக்கு முன்னால் அவரவர் வலியை அவரவர் சொல்ல வேண்டும், மறைப்பவர் மறுநாள் நடக்கக் கூடாது என்றேன்.

“அப்ப ஒப்புக்கொடுக்கறது?” என்றார்.

“சொல்லிட்டு ஒப்புக்கொடுங்கண்ணா. ஆண்டவருக்குச் சொல்லாமலே தெரியும். கூட வர்றவங்களுக்குச் சொன்னாத்தான் தெரியும்.”

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, எனக்கும்தான் வலிக்குதும்மா, நாலு வருஷமா, என்றார்.

உங்களை யாரும் புனிதராக்க விடமாட்டேன். முதல் நாள் தங்குமிடத்தில் உங்கள் தடியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்வேன். என் வலியையும் முதல் ஆளாகச் சொல்வேன். அது காலில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இது சத்தியம்.

நேரில் வந்து தீர்த்துக்கொள்ள இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும்,
உங்கள் மனைவி
ரெஜினா