உன் மகளுக்குப் பால் மறக்கடித்தேன்

என் கண்ணு கலைவாணிக்கு,

யாழினிக்குத் தாய்ப்பாலை மறக்கடித்துவிட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுக்க அழுதுகொண்டேதான் எழுதுவேன்.

நீ மஞ்சள் காமாலையில் போனபோது அவள் முகம் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அப்போது என் மகன் தருணும் பால் குடிக்கிற பிள்ளை. ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் உன் மகள் என்று போட்டுக்கொண்டேன். கொடுக்கட்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவள் அழுதாள், எனக்குப் பால் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு சண்டை வந்தது. வேறு யார், உன் பெரியம்மாதான். "அண்ணன் புள்ளையும் தங்கச்சி புள்ளையும் நாளைக்குக் கட்டிக்கிற மொறடி. ஒரே பால குடுத்து ரெண்டையும் கூடப் பொறந்ததுங்களாட்டம் ஆக்கிட்டியே, மொற கெட்டுப்போச்சே!" என்று வாசலில் நின்று கத்தினார். எனக்கு வந்ததே கோபம்!

"கெட்டுப் போவட்டும் பெரியத்த. சம்பந்தம் பேசவா நான் பால் குடுக்கறேன்? அண்ணன் தங்கச்சியாவே இருக்கட்டும், கல்யாணச் செலவு மிச்சம்" என்றேன். என் வீட்டுக்காரர், அதான் உன் அண்ணன், நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடியிருப்பாய்.

உன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரகாஷ் அண்ணன் இன்னும் அதே குட்டியானை வண்டிதான் ஓட்டுகிறார். வல்லத்திலிருந்து செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். குழந்தையைத் தூக்குவார், அவள் லேசாகச் சிணுங்கினால் போதும், "பசிக்குது போல, புடிம்மா" என்று என்னிடமே கொடுத்துவிடுவார். கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பயந்துபோயிருந்தார்.

அவருக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. "புள்ளதான் செஞ்சில வளருதே, உனக்கு இன்னா கவல?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருநாள் அவரே என்னிடம் வந்து, "பாப்பா உங்ககிட்டயே இருந்துடட்டும் தங்கச்சி. எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை கலை. அவர் கல்யாணம் செய்துகொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தாயைப் பறிகொடுத்தவளுக்குத் தகப்பனும் விருந்தாளியாகிவிடுவதா? என்னிடம் பால் இருக்கிறவரை அவர் அப்பாவாக வேண்டிய அவசியமே வரப்போவதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவள் இனிப் பால் குடித்தால் அவள் அப்பா கையால்தான் குடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா டம்ளரில் கொடுக்கத்தான் சொன்னார். உன் மகள் டம்ளருக்குள் ஊதி விளையாடினாள். சரி, பாட்டில்தான் என்றால் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொடு என்றார். பாட்டிலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே தட்டிவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

வேறு வழியில்லாமல் வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். கூத்தைக் கேள். யாழினிக்கு முன்னால் தருண் ஓடிவந்து வாய் வைத்துவிட்டான்! வைத்த வேகத்தில் என் முகத்தைப் பார்த்தான் பாரு, நான் என்னவோ அவனை விற்றுவிட்டதைப் போல. அன்றோடு சரி, அவன் அப்புறம் என்னிடம் பால் கேட்கவே இல்லை. உன் மகளோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கசப்போடு சேர்த்துக் குடித்து முடித்தாள். பச்சைப் பாகற்காயைக் கடித்துத் தின்றவள் பெற்ற பெண்தானே! நான் சிரிப்பதா அழுவதா? இரண்டும்தான் செய்தேன்.

அப்போதுதான் உறைத்தது. கசப்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் குடிக்க வேண்டுமென்றால் நான் அங்கே இருக்கக் கூடாது. பிரகாஷ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு லோடு ஏத்தாதீங்கண்ணா. வந்து பாப்பாவுக்குப் பால் குடுக்கணும்."

"நானா? அய்யோ, எனக்கு அதெல்லாம் வராது தங்கச்சி."

"கியர் போட மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா? வாங்க."

வந்தார். பாட்டிலை அடுப்பில் கொதிக்கப் போட்டுவிட்டு ஒரு லோடுக்காரரிடம் போனில் பேசப் போய்விட்டார். தண்ணீர் வற்றி, பாட்டில் உருகி, வீடெல்லாம் நாற்றம். மறுநாள் புது பாட்டிலோடு வந்தார். அவள் உதைத்த உதையில் பால் சட்டையெல்லாம் கொட்டியது. "என்னால ஆவாது" என்று வெளியே ஓடிவந்தார்.

நான் விடவில்லை. பாட்டிலைக் கழுவிப் பால் ஊற்றி அவர் கையில் திணித்து உள்ளே தள்ளினேன். உன் அண்ணனை வாசலில் காவல் வைத்துவிட்டு, தருணைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தேன். தெருமுனை வரை அவள் அழுகை கேட்டது. எனக்கு ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். திரும்பிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. திரும்பவில்லை. கோட்டை வாசலில் வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா ராஜகிரிக்கு வழி கேட்டாள், நான் எதையோ கையைக் காட்டினேன். பாவம், எந்த மலையில் ஏறினாளோ.

வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். பிரகாஷ் அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், அவர் மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். "குடிச்சா தங்கச்சி!" என்று குசுகுசுத்தார். "வண்டி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி சத்தம் போட்டேன். சிரிச்சா. அந்த கேப்புல வாயில வெச்சிட்டேன்." அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை உன் பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் தினமும் லோடு ஏற்றும் முன் வந்து கொடுத்தார். போன வாரம் அவளை வல்லத்துக்கே தூக்கிப் போய்விட்டார். நான்தான் போகச் சொன்னேன். உன் பெரியம்மா, தான் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பாலை நிறுத்தியதாகத் தெருவெல்லாம் பெருமை பேசுகிறார். பேசட்டும்.

ஆனால் நேற்று என்னால் முடியவில்லை. பால் கட்டி மார் வலி வேறு. தருணைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வல்லத்துக்கு வருகிறேன் என்று பிரகாஷ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இப்ப வராத தங்கச்சி" என்றார். "இங்க வந்து நேத்துலேந்துதான் அழாம குடிக்கிறா. உன்னப் பாத்தா பாட்டில வீசிடுவா. நானே கூப்புடறேன், அப்ப வா."

என்னையா வராதே என்கிறார் என்று சுருக்கென்று குத்தியது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"வெச்சிடறேன்மா, பால் ஆறுது" என்று போனை வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன் கலை, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. அழுது முடித்ததும் ஒன்று புரிந்தது. எனக்கு எதிரே நின்று தன் பிள்ளைக்காகப் பேச ஒரு ஆள் வந்துவிட்டார். நான் கேட்டது இதைத்தானே?

அவர் கூப்பிடும்வரை வல்லத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். கூப்பிட்டதும் முதல் பஸ்ஸில் ஏறுவேன். அவள் என்னை அடையாளம் தெரியாமல் அவள் அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாலும் முகம் கோணாமல் சிரிப்பேன். உன்னைப் பற்றி அவளுக்குச் சொல்லும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

யாழினிக்கு இனி அத்தை மட்டுமான,
உன் அண்ணி சத்யா