அழவில்லை என்று எழுதிய தாள்

கொயலெமு, சிலி
4 மார்ச் 2019

என் கண்ணே எர்மெலிந்தா,

நலமா? உன் பெயர் மாலின் என்றார்கள். நாற்பத்தொரு வருஷம் மனசுக்குள் கூப்பிட்ட பெயர் வாயை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

நான் ஒதிலியா. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. செத்துவிட்டதாகப் பொய் சொல்லி ஆஸ்பத்திரியில் பறித்து வெளிநாட்டுக்குக் கொடுத்த பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மரபணுப் பரிசோதனைக்கு என் எச்சிலை அனுப்பியதும் சங்கம்தான். போன வாரம் செயலாளர் மிரேயா போன் செய்து, "ஒதிலியா, கையில கத்தி கித்தி இருந்தா கீழ வை. உன் பொண்ணு உயிரோட இருக்காடி, சுவீடன்ல!" என்றாள். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், பாவம்.

1977 ஆகஸ்டில் நகரத்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பெற்றேன். நீ அழுத சத்தத்தை ஒரே தடவை கேட்டேன். மறுநாள் செத்துவிட்டாய் என்றார்கள். உடலைக் கேட்டேன், தரவில்லை. அடக்கம் செய்ய அனுமதி என்று ஒரு தாளை நீட்டினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அப்போது என் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும், எழுதிக் கொடுத்தேன்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை முகத்தைக் காட்டு, போதும். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன் பார்.

உன் அம்மா
ஒதிலியா சான்வேசா


கல்மார், சுவீடன்
29 மார்ச் 2019

மதிப்பிற்குரிய ஒதிலியா அவர்களுக்கு,

கடிதத்தைச் சங்கத்தார் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். என் மகனுக்கு ரத்தத்தில் ஒரு நோய். அதற்காகத்தான் நான் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன், யாரையும் தேடி அல்ல.

என்னைத் தத்துக் கொடுத்தபோது சமூக சேவகி எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. "தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முகம் அமைதியாக இருந்தது. பிள்ளையை மனமுவந்து கொடுத்துக் கையெழுத்திட்டாள்." பத்து வயதில் இதைப் படித்தேன். என்னை வளர்த்த அம்மா குன்வோர், "அவளுக்கு என்ன கஷ்டமோ, தப்பா நினைக்காதே" என்றார். என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் செத்ததாக நம்பியதாகச் சொல்கிறீர்கள். பிள்ளை செத்தால் அழ மாட்டீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மாலின்


கொயலெமு
16 ஏப்ரல் 2019

மகளே,

மிரேயாதான் உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள்; கண்ணீர் விடவில்லை என்ற அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "சும்மா படிடி" என்று நான்தான் அதட்டினேன்.

எங்கள் பக்கம் கைக்குழந்தை செத்தால் அது தேவதையாகிவிடும். பெற்றவள் அழக் கூடாது. அவள் கண்ணீரில் இறகு நனைந்தால், பிள்ளை பறக்க முடியாமல் பாதி வழியில் கிடக்கும். பக்கத்துக் கட்டில்காரி, "பல்லைக் கடிச்சுக்கோடி பொண்ணே. பிள்ளை நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்றாள். பால் கட்டி மார்பு கொதித்தது. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்தச் சேவகி குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

செத்த பிள்ளைக்குக் காகித இறகு கட்டி, நாற்காலியில் உட்காரவைத்துப் பாடி அனுப்புவது எங்கள் வழக்கம். வீட்டில் உன் உடல் இல்லாமல், வெறும் நாற்காலியில் காகித இறகை வைத்துப் பாடி உன்னை அனுப்பினோம். அப்போதும் நான் அழவில்லை. எல்லோரும் மெச்சினார்கள்.

ஊரே கேட்கக் கதறியிருந்தால் அவள் வேறு மாதிரி எழுதியிருப்பாளோ என்னவோ. உனக்காக அடக்கியது உன்னையே குத்தியிருக்கிறதே, நான் என்ன செய்வேன்?

அம்மா


கல்மார்
20 ஜூன் 2019

ஒதிலியா அம்மாவுக்கு,

உங்களை நம்புகிறேன். நம்பிய பிறகுதான் கஷ்டம்.

குன்வோருக்கு எண்பத்தொரு வயது. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. "அப்போ நான் திருட்டுப் பிள்ளையையா வளர்த்தேன்?" என்று கேட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. தினமும் காலையில் போன் செய்து, குளிரோ வெயிலோ, தொப்பி போட்டாயா என்று கேட்பவர், இப்போது கூப்பிடுவதே இல்லை. என் முகத்தைப் பார்க்கவும் கூசுகிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவர் இருக்கும்வரை எழுத வேண்டாம். அதற்குப் பிறகு நானே எழுதுகிறேன், நேரிலும் வருகிறேன். மன்னித்துவிடுங்கள்.

மாலின்


கொயலெமு
9 ஜூலை 2019

அன்புள்ள மாலின்,

எழுதாதே என்ற பிறகும் எழுதுகிறேன், இது கடைசி.

குன்வோர் அக்காவிடம் சொல்: திருடியவர்கள் வேறு. அவள் உனக்குச் சோறு போட்டாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒதிலியாவே சொன்னாள் என்று சொல். அவள் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு. உன் மகனின் உடம்பைப் பார்த்துக்கொள்.

மிரேயா இருக்கிறாளே, வாய் சும்மா இருக்காது. "கிழவிக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் நாலஞ்சு வருஷந்தானே, பொறுத்துக்கோ" என்றாள். நானும் விரல் விட்டு எண்ணினேன். என்ன எண்ணுகிறேன் என்று புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது.

உனக்காகக் காத்திருந்தால் உன் அம்மாவின் சாவுக்குக் காத்திருந்ததாக ஆகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அதனால் நான் காத்திருக்கப் போவதில்லை. அவள் நூறு வயது இருக்கட்டும்.

ஒதிலியா சான்வேசா