வெட்டாமல் கொண்டுவந்த நெஞ்சுக்கறி

2023 மே 20, சனிக்கிழமை, மாலை 7.10. பெட்டிக்குள் 151 டிகிரி ஃபாரன்ஹீட்.
ஃபோர்ட் ஸ்டாக்டன், உன் தெருமுனைப் பெட்ரோல் நிலையம்.

அன்புள்ள அக்கா கேண்டஸுக்கு,

நீயும் டுவைட் அத்தானும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் இரண்டு பேர் போன் எண்ணையும் நீ தடுத்து வைத்திருப்பதால் வேலை நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். அப்பா பக்கத்து இருக்கையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்கிறார். உன் வீடு இங்கிருந்து நான்காவது. நீ வரச் சொன்னால்தான் இறங்குவாராம். சொல்லாமல் கொள்ளாமல் முன்னூற்றைம்பது மைல் வந்த பிறகு இந்த மரியாதை எதற்கு என்று கேட்டேன். தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

எனக்கு இன்று பொறுமை சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. காரணம் அந்தக் கடை.

நேராக வந்திருந்தால் மூன்று மணிக்கே வந்திருப்போம். டெய்லர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பார்பிக்யூ கடையில் நிறுத்தச் சொன்னார். 9.50க்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் அறுபத்தொரு பேர். கடை திறப்பதே பதினொன்றுக்கு. திறந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்: ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம், ஒன்றுக்கு முன் நம் முறை வராது, அதற்குள் கறி தீர்ந்துவிடும். வழியில் எங்காவது கோழி வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அப்பா மடக்கு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, "கணக்கு வாத்தியாரே, நிழல்ல தள்ளி நில்லு" என்றார். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பன்னிரண்டேகாலுக்குக் கடைக்காரரின் மனைவி நோட்டோடு வந்தாள். யாருக்கு எத்தனை பவுண்டு என்று வரிசையிலேயே கேட்டு எழுதுவாள். எந்த ஆளோடு கறி தீருகிறதோ அவருக்குப் பின்னால் நிற்பவர்களிடம் இனி அது இல்லை என்று அப்போதே சொல்லிவிடுவாள். அங்கே அதுதான் வழக்கம். நான் ஒரு பவுண்டு கேட்க வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டு, முழு மாட்டு நெஞ்சுக்கறி ஒன்று, வெட்டாமல் வேண்டும் என்றார். மிச்சமே இரண்டுதானாம். இவருக்கு ஒன்று கொடுத்தால் பின்னால் ஆறு பேருக்கு நெஞ்சுக்கறி கிடைக்காது. எனக்குக் காது சுட்டது. இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றவர்கள் அவர்கள்.

எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் ஓர் அம்மா எங்களுக்கு அடுத்து நின்றாள். "ஏன் பெருசு, ஊருக்கே கல்யாணமா?" என்று கேட்டாள்.

அப்பா எழுந்து நின்றார். "ஊருக்கு இல்லம்மா. என் மகளுக்கு. மூணு வருஷம் லேட்டு."

பிறகு அவர் சொன்னதை நானும் அங்கேதான் முதல்முறையாகக் கேட்டேன். நீ தேவாலயத்தில் கட்டாமல் நீதிமன்றத்தில், அதுவும் ஏற்கெனவே ஒருமுறை விவாகரத்தானவரைக் கட்டுகிறாய் என்று, விருந்துக்குக் கறி சமைத்துத் தர மாட்டேன் என்று உன்னிடம் கத்தினாரே, அது உனக்குத் தெரியும். அன்று இரவு முழுக்க அடுப்பில் கறி வைத்திருந்திருக்கிறார். விடிந்ததும் உன் விருந்துக்குக் கொண்டுவர வண்டியில் ஏற்றிச் சாவியும் போட்டுவிட்டார். ஆனால் உன் ஊருக்குக் கிளம்பவில்லை. எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நம் இரும்புப் புகையடுப்பை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டபோது நான்தான் இரும்பு வெட்டும் கேஸ் டார்ச்சைப் பிடித்தேன். துருப்பிடித்துவிட்டது என்றார். கால் அங்குலத் தகடு, துளி துரு கிடையாது. என் கண்ணால் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பு இருந்திருந்தால் இன்று கடையில் நிற்க வேண்டியதே இல்லை.

அப்பா சொல்லி முடித்ததும் அந்த எண்ணெய்க் கிணற்று அம்மா பின்னால் திரும்பி, "நமக்கு இன்னிக்கு சாசேஜ்தான், வாங்க" என்றாள். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். அவள் அப்பாவிடம், "வெட்டாம கொண்டு போ. வெட்டினா காஞ்சிரும். அங்க போய் அந்தப் பொண்ணு முன்னாடி வெட்டு" என்றாள்.

12.55க்குக் கையில் கிடைத்தபோது 176 டிகிரி. தாளில் சுற்றி, துண்டு போர்த்தி, சூடு போகாமல் இருக்க ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து, உள்ளே என் வெப்பமானியைச் செருகினேன். வழியெல்லாம் அந்த வாசனையில் பசியோடு ஓட்டினேன். நுனியில் ஒரு துண்டு கிள்ளட்டுமா என்று கேட்டதற்கு, கருகின நுனி கேண்டஸுக்கு என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டார். மணிக்கு நாலு டிகிரி இறங்குகிறது. 140க்குக் கீழே போனால் சாப்பிடக் கூடாது. அது 9.55க்கு.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. மன்னிக்கச் சொல்லி எழுதவும் எனக்குத் தெரியாது. வாசல் விளக்கைப் போடு, அது போதும். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி,
கர்ட்

இனி நான் செய்யப்போவது:

1. 7.30க்கு இதை உன் கதவடியில் செருகி, ஒருமுறை மட்டும் மணி அடிப்பேன்.
2. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்துவேன். பெட்டியைத் திறக்க மாட்டேன்.
3. விளக்கு எரிந்தால் பெட்டியை நான் தூக்குவேன், கத்தியை அவர் எடுத்து வருவார்.
4. 9.55 தாண்டினால் வெப்பமானியை அணைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.